கம்பியை விடாதவை

ஜூன் 12, திங்கள்

என் பெயர் கன்னியப்பன். வயது அறுபத்தெட்டு. இதை எழுதுவது நான்தான்.

இந்த மூன்று வரியை எழுதி முடிப்பதற்குள் பால்காரர் வந்து போய்விட்டார், குழாயில் தண்ணீர் வந்து நின்றும்விட்டது. போகட்டும். எழுத்து வரிசையாக நிற்கிறது. எட்ட வைத்துப் பார்த்தேன், கிட்ட வைத்துப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது.

உண்மையில் இது என் நோட்டுப் புத்தகம் இல்லை. என் மனைவி கெங்கம்மாவின் மருந்துப் புத்தகம். ஆராய்ச்சி நிலையத்தில் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் மூன்று கேள்விகள் அச்சடித்திருக்கிறது. இன்று மாத்திரை சாப்பிட்டீர்களா? எத்தனை படி இறங்கி ஏறினீர்கள்? வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா? அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் நான் எழுதுகிறேன். கீழே நிறைய இடம் காலியாக இருக்கிறது. "அங்க என்ன வேணா எழுதுங்க தாத்தா" என்று சிஸ்டர் சொன்னார். அவர் சும்மா சொல்லியிருப்பார். நான் பிடித்துக்கொண்டேன்.

மாத்திரை: ஆம். படி: நான்கு. வேறு ஏதாவது: இல்லை.

ஜூன் 13, செவ்வாய்

நாங்கள் இருப்பது குடியிருப்பு வாரிய வீடு, மூன்றாவது மாடி. கீழே போக ஐம்பத்து நான்கு படி. லிஃப்ட் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. இரண்டு வருடமாக அதை ஏதோ கடை விளம்பரம் என்று நினைத்திருந்தேன். போன மாதம் படித்தேன். 'லிஃப்ட் பழுது. விரைவில் சரி செய்யப்படும்.' படித்தபோது வந்த சந்தோஷத்தில் லிஃப்ட் ஓடாதது கூடப் பெரிதாகத் தெரியவில்லை.

கெங்காவுக்குக் கால் போய் நான்கு வருடம். அடிபட்டதில்லை, வாதம் இல்லை. சதை வற்றிவிட்டது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு ஆள் தூக்க வேண்டும். துணி காயப்போடுவது நான். பால்கனியில் கொடிக்கம்பி உயரத்தில் இருக்கிறது. குதிகாலைத் தூக்கி நின்றால்தான் அவள் கை எட்டும். அந்தத் தெம்பு அவளுக்கு இல்லை.

இந்த மருந்தைக் கண்டுபிடித்த ஹேமாவதி மேடம் அதைப் பற்றிச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வயசானா உடம்புல ஒரு நொதி அதிகமாயிடுது கன்னியப்பன். சதையைப் புதுப்பிக்க உடம்பே ஒரு பொருளைச் செய்யுது. இந்த நொதி அதை அப்பப்பத் தின்னு தீர்த்துடுது. அந்த நொதியோட வாயைக் கட்டறதுதான் இந்த மாத்திரை."

கெங்கா உடனே சொன்னாள், "வாயைக் கட்ற மாத்திரையா? அப்பிடின்னா இவருக்கும் ரெண்டு குடும்மா."

மேடம் ரொம்ப நேரம் சிரித்தார்.

நாற்பது பேருக்கு மாத்திரை கொடுக்கிறார்கள். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று மேடத்துக்கே தெரியாதாம்.

மாத்திரை: ஆம். படி: நான்கு. வேறு: இல்லை.

ஜூன் 15, வியாழன்

சாயங்காலம் பெரியவர்களுக்கான எழுத்து வகுப்பு. சலோமி டீச்சர் என் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "தாத்தா, நீங்கதான் இந்த வருஷம் என் ஃபர்ஸ்ட் ரேங்க்" என்றார். வகுப்பில் பதினோரு பேர். எல்லோரும் என்னைவிடச் சின்னவர்கள். பெட்டிக்கடை ராஜாம்பாளுக்கு ஐம்பதுதான் ஆகிறது. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

வரும் வழியில் படித்தவை: கறிக்கடைப் பலகை, தண்ணீர் லாரி, ஒரு கண்ணீர் அஞ்சலி. இறந்தவர் எனக்குத் தெரியாதவர். ஆனாலும் முழுக்கப் படித்து முடித்தேன். பாதியில் விடுவது மரியாதை இல்லை என்று தோன்றியது.

மாத்திரை: ஆம். படி: ஐந்து. வேறு: இல்லை.

ஜூன் 18, ஞாயிறு

மேடத்தை எனக்கு எப்படித் தெரியும் என்று எழுத வேண்டும். அந்த நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் எலிக்கூடத்தில் வேலை பார்த்தேன். எல்லாம் வெள்ளை எலிகள். தீனி வைப்பது, தண்ணீர் மாற்றுவது, கூண்டு கழுவுவது, உமி பரப்புவது. கடைசியில் மேடம் வந்தார். அவருக்கு வேண்டியவை கிழட்டு எலிகள் மட்டும். இரண்டு வயது தாண்டியவை. நாற்பது எலி, நாற்பது கூண்டு. இதே மருந்துதான். இருபதுக்கு மருந்து, இருபதுக்கு வெறும் தண்ணீர்.

கம்பிச் சோதனை என்று ஒன்று உண்டு. எலியின் முன்காலைக் கம்பியில் பிடிக்க வைத்துக் கையை எடுத்துவிட வேண்டும். கீழே மெத்தை. விழும் வரை நான் வாய்விட்டு எண்ணுவேன், மேடம் எழுதுவார். கிழட்டு எலி பத்து எண்ணுவதற்குள் விழுந்துவிடும். மருந்து தின்றவை நாற்பது வரை தொங்கின. மூளி என்று ஒன்று, காது கிழிந்தது. அது அறுபத்திரண்டு வரை விடவில்லை. மேடம் பேனாவைப் போட்டுவிட்டுக் கை தட்டினார்.

அதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால்தான் கெங்காவைச் சேர்த்துவிட்டேன். "அந்த எலி தொங்கனத நீ பாத்திருக்கணும்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "எலி தொங்கனா நானும் தொங்கணுமா" என்பாள்.

மாத்திரை: ஆம். படி: ஒன்பது. வேறு: இல்லை.

ஜூன் 21, புதன்

சேர்வதற்கு முன்னால் ஏழு பக்கம் ஒப்புதல் தாள் கொடுத்தார்கள். சிஸ்டர் படித்துக் காட்டுகிறேன் என்றார். என் மனைவிக்கு நானே படிப்பேன் என்று வாங்கி வந்தேன். இரண்டு நாள் ஆனது. கெங்கா காலை நீட்டி உட்கார்ந்து ரேடியோ கேட்பது போலக் கேட்டாள்.

நான்காம் பக்கத்தில் ஒரு வரி. 'எலிகளில் நடத்திய சோதனையில் இம்மருந்தால் தீங்கு எதுவும் காணப்படவில்லை.'

அந்த வரியில் என் விரல் நின்றுவிட்டது. "இன்னாயா, நின்னுட்ட?" என்றாள். கஷ்டமான எழுத்து என்று சொன்னேன்.

இன்று அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். கஷ்டமான எழுத்து ஒன்றும் அதில் இல்லை.

மாத்திரை: ஆம். படி: பதினொன்று. வேறு: இல்லை.

ஜூன் 26, திங்கள்

படி: பதினெட்டு! ஒரு மாடி முழுக்க இறங்கினாள், ஏறினாள். எதிர்வீட்டுப் பெண்கள் வெளியே வந்து பார்த்தார்கள். "இன்னாடி பாக்கறீங்க, புதுப்பொண்ணு போறாளா?" என்று கேட்டபடி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா? இல்லை, இல்லை, இல்லை. கட்டத்தில் ஒன்றுதான் போட இடம் இருந்தது.

ஜூலை 1, சனி

மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தேன். அரிசி வைக்கும் டிரம்மிலிருந்து சத்தம் கேட்டது. உமிக்குள் எதுவோ புரளும் சத்தம். அதை நான் இருபத்திரண்டு வருடம் கேட்டிருக்கிறேன், தப்பாகக் கேட்க வாய்ப்பில்லை. மூடியைத் திறந்தேன். காலி டிரம். நாளைக்குத்தான் ரேஷன் அரிசி வாங்கப் போக வேண்டும்.

கவிழ்த்துத் தட்டி வெயிலில் வைத்தேன்.

மாத்திரை: ஆம். படி: முப்பது. வேறு: இல்லை.

ஜூலை 3, திங்கள்

எழுதுவதைத் தினமும் சாயங்காலம் கெங்காவுக்குப் படித்துக் காட்டுகிறேன். எல்லாவற்றையும் இல்லை. இன்று கட்டை விரலால் பக்கத்தைத் தடவிப் பார்த்துக் கேட்டாள், "அம்மாம் எழுதிக்கீற. படிக்கறப்ப மட்டும் ரவோண்டு கீது?"

எழுத்து பெரிது, பேச்சு சின்னது என்றேன்.

"பொய்யி சொல்லவும் எழுதக் கத்துக் குடுத்தாங்களா அந்த ஸ்கூல்ல?"

வீட்டுச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது மேடம் கொடுத்தது. நானும் மேடமும், பின்னால் எலிக் கூண்டுகளும். படத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அதன் மேல் என் துண்டு கிடக்கிறது. வகுப்பில் எண்கள் சொல்லிக் கொடுத்த நாளிலிருந்து அங்கேதான் துண்டைப் போடுகிறேன். வேறு ஆணி இல்லை.

மாத்திரை: ஆம். படி: முப்பத்தாறு. வேறு: இல்லை.

ஜூலை 7, வெள்ளி

படி: ஐம்பத்து நான்கு.

தெருவில் கால் வைத்தாள். அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "இந்த வேப்பமரம் எப்ப வந்துது?" என்றாள். நான்கு வருடத்துக்கு முன்னால் அது ஒரு குச்சி. ராஜாம்பாள் கடையில் அவளே கை நீட்டிக் காசு கொடுத்து ஒரு கட்டு வெற்றிலை வாங்கினாள். அந்தக் கட்டை யாரிடமும் கொடுக்கவில்லை, என்னிடம் கூட.

ஜூலை 10, திங்கள்

ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் மாதப் பரிசோதனைக்குப் போனோம். நாற்காலி தேவைப்படவில்லை. ரத்தம் எடுத்தார்கள். அவளை உள்ளே கூட்டிப் போன நேரம் நான் தாழ்வாரத்தில் இருந்தேன்.

அங்கேயும் அந்தப் படம் மாட்டியிருக்கிறது. என் வீட்டில் இருப்பது கையகலம். இது கதவளவு. அங்கே துண்டு இல்லை.

அலமாரித் தட்டில் ஒவ்வொரு கூண்டுக்கும் இடம் உண்டு. இடத்தில் ஒரு எண் ஒட்டியிருக்கும். கூண்டில் சொருகிய கார்டிலும் அதே எண் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் எனக்கு எண் தெரியாது. இடம்தான் தெரியும். எலியின் முகம் தெரியும்.

இன்று படித்தேன். இடம் ஏழு, கார்டு பத்தொன்பது. இடம் எட்டு, கார்டு முப்பத்து மூன்று. இடம் ஒன்பது, கார்டு இரண்டு. படத்தில் தெரிகிற பதினான்கு கூண்டையும் விரல் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. இத்தனை வருடமும் பாதையில் எல்லோரும் பார்க்க மாட்டியிருந்திருக்கிறது.

பின்னால் மேடத்தின் குரல். "என்ன கன்னியப்பன், நம்ம படத்தைப் பாக்கறீங்களா? எவ்வளவு சின்னவங்களா இருக்கோம் பாருங்க."

"ஆமாம்மா" என்றேன்.

"கெங்கம்மா ரத்தம் நல்லா இருக்கு. எவ்வளவு நல்லா நடக்கறாங்க! எனக்கு யார் யாருக்கு எதுன்னு தெரியக் கூடாது. ஆனா அவங்க சாப்பிடறது மாவு இல்லன்னு எனக்கே தோணுது."

இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் "ஆமாம்மா" என்றுதான் வந்தது.

மாத்திரை: ஆம். படி: ஐம்பத்து நான்கு. வேறு: இல்லை என்று போட்டேன்.

ஜூலை 12, புதன்

மழை. துணி காயவில்லை. வகுப்புக்குப் போகவில்லை.

ஜூலை 17, திங்கள்

கெங்கா பால்கனியில் துணி போடுகிறாள். நான்கு வருடத்துக்குப் பிறகு அவளே போடுகிறாள். குதிகாலை உயர்த்தி, இரண்டு கையாலும் கொடிக்கம்பியைப் பிடித்து எட்டுகிறாள். அறைக்குள் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"இன்னாத்த எண்ணிக்கினு கீற?" என்று திரும்பிக் கேட்டாள்.

நான் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். முப்பத்தெட்டு வரை வந்துவிட்டேன்.

ஜூலை 20, வியாழன்

ஒன்பது. அதற்கு மேல் இன்று எழுத வரவில்லை.

ஜூலை 27, வியாழன்

கெங்கா உள்ளங்கையைச் சொறிகிறாள். உள்ளங்காலையும். புதுச் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாள். சோப்பை மாற்றினேன்.

அந்த எலிகளும் முதலில் சொறிந்தன.

மாத்திரை: ஆம். படி: ஐம்பத்து நான்கு, இரண்டு தடவை.

ஜூலை 29, சனி

காலை வெயிலில் அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை. கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தேன். பழுத்த எலுமிச்சைத் தோலின் நிறம்.

"ஆராய்ச்சிக்காரங்களுக்குப் போன் போடறேன்" என்றேன். எதுவானாலும் கூப்பிடச் சொல்லிப் புத்தகத்தின் அட்டையிலேயே எண் அச்சடித்திருக்கிறது.

அவள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "சொன்னா மாத்திரைய நிறுத்திடுவாங்க. எனக்குத் தெரியாதா? நாலு வருசம் இந்தச் செவுத்தப் பாத்துக்கினு கெடந்தேன்யா. இப்பதான் தெருவப் பாக்கறேன். இன்னும் பத்து நாள்ல அவங்களே ரத்தம் எடுக்கப் போறாங்க. அதுவரிக்கும் வாய மூடிக்கினு இரு."

"அது கெட்டதுடி."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

 வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பழகிய வேலைதான்.

ஜூலை 30, ஞாயிறு

இன்று எல்லாவற்றையும் எழுதுகிறேன். காலை இட்லி ஆனதும் உட்கார்ந்தேன். இதோ விளக்கு வைக்கிற நேரம்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் எங்கள் மகள் அமுலுவின் கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவு போட்டேன். அப்போது கம்பிச் சோதனை முடிந்திருந்தது, மருந்து கொடுப்பதும் முடிந்திருந்தது. இன்னும் ஒரு மாதம் எலிகளைச் சும்மா வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மருந்து தின்ற எலியின் வாலில் மார்க்கர் பேனாவால் இரண்டு கோடு. தின்னாததற்கு ஒரு கோடு. அது வாரத்துக்கு ஒரு தடவை அழிந்துவிடும், திரும்பப் போட வேண்டும். அது என் வேலை. லீவில் யாரும் போடவில்லை. வந்து பார்த்தால் நாற்பது வாலும் துடைத்த மாதிரி இருந்தது. அன்று கூண்டு கழுவும் நாள். நனையக் கூடாது என்று கார்டுகளை எல்லாம் உருவி அடுக்கி மேசையில் வைத்தேன். கூண்டு உலரட்டும் என்று ஃபேனைப் போட்டேன். கார்டுகள் பறந்தன. தரை முழுக்கக் கார்டு.

யாரையாவது கூப்பிட்டு, எண்ணைப் பார்த்து அடுக்கிக் கொடு என்று கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குப் படிக்கத் தெரியாது என்பது தெரிந்துவிடும். வேலையில் சேரும்போது எட்டாவது வரை படித்ததாகச் சொல்லியிருந்தேன். கைக்கு வந்த வரிசையில் சொருகினேன். சுவரில் இருக்கும் படம் அந்த வாரம் எடுத்ததுதான்.

கார்டின் மூலையிலும் ஒரு கோடோ இரண்டு கோடோ இருக்கும். அதைப் பார்த்து வாலில் போட வேண்டும். மூளியை எடுத்தேன். மூளிக்கு இரண்டு கோடு என்று எனக்குத் தெரியும். அறுபத்திரண்டு வரை தொங்கியது அதுதானே. கார்டில் ஒரு கோடு இருந்தது. மூளியைப் பார்த்தேன், கார்டைப் பார்த்தேன். நான் லீவில் இருந்தபோது மாற்றியிருப்பார்கள், எழுத்தில் இருப்பதுதான் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். என் கண்ணை நான் நம்பவில்லை. படிக்கத் தெரியாதவனுக்கு எழுத்து சாமி மாதிரி. வாலில் ஒரு கோடு போட்டேன்.

பத்து நாள் கழித்து எலிகள் சொறிய ஆரம்பித்தன. பிறகு காது மஞ்சளானது. பிறகு செத்தன. ஒன்பது எலிகள். மூளி, கோணவாலன், தொப்பை, ரோசக்காரி, திருடி, ஒத்தப்பல்லன், தூங்குமூஞ்சி, கெழவி, சொங்கி. ஒன்பதும் கம்பியை விடாதவை. மேடம் வாலைப் பார்த்தார். ஐந்துக்கு ஒரு கோடு, நான்குக்கு இரண்டு கோடு. "ரெண்டு பக்கமும் சமமாத்தான் சாகுது கன்னியப்பன். மருந்து காரணம் இல்ல, வயசுதான்" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. உமியைக் கொட்டிக் கூண்டைக் கழுவி வைத்தேன்.

மருந்து மனிதர்களுக்கு வரும் என்று நான் நினைத்ததே இல்லை. வந்தபோது, அந்த எலிகளுக்கு நிஜமாகவே வயதுதான் என்று என்னை நானே நம்ப வைத்துக்கொண்டேன். கெங்கா நடக்க வேண்டும் என்ற ஆசையில் அப்படி நம்புவது எனக்குக் கஷ்டமாக இல்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வரியையும் விடவில்லை.

வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டாள். "ஒம்போதுமா?"

"ஒம்போதும்."

"எனக்கு வாங்கிக் குடுக்கறப்ப ஒனக்குத் தெரியும்."

"நெஜ மாத்திரையோ மாவோ, யாரு கண்டா…"

"நீ அப்பிடி நெனச்சிக்கறதுக்கு நான் தின்னனா?"

அதற்கு மேல் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அது மோசமாக இருந்தது. உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், "எத்தினி பேரு இத துன்றாங்க?"

"நாப்பது. அதுல பாதிப் பேருக்கு நெஜம்."

"அவுங்க வூட்ல எல்லாம் எலி பாத்தவன் இருப்பானா?"

"இருக்க மாட்டான்."

முந்தானை முடிச்சை அவிழ்த்துப் போனை என் மடியில் போட்டாள். "காலீல போலாம். நாற்காலி கீற்காலி வாணாம். நானே எறங்கி வரேன். இன்னும் கால் கீதே."

இன்றைய மாத்திரையை அவள் சாப்பிடவில்லை. மாத்திரை: இல்லை.

ஜூலை 31, திங்கள்

வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா? ஆம்.

அந்தக் கட்டத்தில் குறி போட்டு, புத்தகத்தை மேடத்திடம் கொடுத்தேன். நேற்றைய பக்கத்தை மட்டும் படிக்கச் சொன்னேன். என் எழுத்தைப் படிக்க நேரமாகும் என்று நினைத்தேன். சீக்கிரம் படித்துவிட்டார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். பிறகு எழுந்து தாழ்வாரத்துக்குப் போனார். படத்துக்கு முன்னால் அவர் நிற்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. நான் வைத்த மாதிரியே விரல் வைத்துப் பார்த்தார்.

திரும்பி வந்து கேட்டார், "ஏன் அப்பவே சொல்லல?"

"படிக்கத் தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துதும்மா."

"அது எனக்குத் தெரியும்."

எனக்குப் புரியவில்லை.

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு அப்பவே எனக்குத் தெரியும் கன்னியப்பன். ஒரு நாள் கார்டைத் தலைகீழாப் பிடிச்சுகிட்டு நின்னீங்க. சொன்னா சங்கடப்படுவீங்கன்னு பாக்காத மாதிரி போயிட்டேன். கார்டைச் சரிபாக்க வேண்டியது நான். சரிபாத்தா உங்களைச் சந்தேகப்படற மாதிரி இருக்குமேன்னு அதையும் விட்டுட்டேன். அதை நல்ல மனசுன்னு நெனச்சுகிட்டு இருந்தேன்."

அப்படியென்றால் நான் மூடி வைத்திருந்த பானைக்குள் ஒன்றுமே இல்லை. ஒன்பது வருடம் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.

கெங்காவுக்கு ரத்தம் எடுத்தார்கள். மேடம் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து என் முன்னால் வைத்தார். "அந்த ஒன்பது எலி எந்தெந்த இடத்துல இருந்துதுன்னு எழுதுங்க. இடத்தோட எண்ணை வெச்சு எதுக்கு மருந்து குடுத்தோம்னு பதிவுல பாத்துடலாம். எதுக்கு எந்த இடம்னு ஞாபகம் இருக்கும் இல்ல?"

இருந்தது. எழுதினேன். இருபத்திரண்டு வருட வேலையில் நான் எழுதிய முதல் தாள் அதுதான். அவசரப்படுத்தாமல் பக்கத்திலேயே நின்றார். 

நாற்பது பேருக்கும் இன்றே போன் போகிறது. மாத்திரை நிறுத்தம். இந்தப் புத்தகத்தின் பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். மாத்திரை இல்லாவிட்டாலும் இன்னும் சில வாரம் எழுத வேண்டுமாம்.

ஆகஸ்ட் 3, வியாழன்

மேடம் போன் செய்தார். யாருக்கு எந்த மாத்திரை என்ற ரகசியத்தை உடைத்துப் பார்த்துவிட்டார்களாம். கெங்காவுக்குக் கொடுத்தது நிஜ மாத்திரைதான். ஈரல் வீங்கியிருக்கிறது. இன்னும் மூன்று பேருக்கு இதே மாதிரி. ஒருவருக்குக் கண் மஞ்சளாகவே இல்லை, போன் போகாவிட்டால் தெரிந்தே இருக்காதாம். மாத்திரையை விட்டுவிட்டதால் ஈரல் தேறிவிடும் என்றார். "தேறிடும்னு நெனைக்கறேன்" என்று திருத்திச் சொன்னார்.

"மருந்து?" என்று கேட்டேன்.

"மறுபடியும் எலியிலேர்ந்து" என்றார்.  பதினைந்து வருடம் உழைத்த மருந்து அது.

படி: ஐம்பத்து நான்கு.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

அரிப்பு குறைந்திருக்கிறது. படி: ஐம்பத்து நான்கு. இரண்டு இடத்தில் உட்கார்ந்து வந்தாள்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

படி: முப்பத்தாறு. முதல் மாடி வரை இறங்கி, ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். வெற்றிலை நான் வாங்கி வந்தேன். "காம்பு வாடிக்கீது, பாத்து வாங்கத் தெரியாது ஒனக்கு" என்றாள். ஜூலைக்குப் பிறகு அவள் என்னோடு வாயாடியது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

கண் தெளிந்துகொண்டு வருகிறது. ரத்தத்தில் மஞ்சள் அளவும் இறங்கியிருக்கிறது என்று மேடம் சொன்னார். படி: பதினெட்டு.

இரண்டுமே ஒரே நேரத்தில் இறங்குகின்றன. எதை நினைத்துச் சந்தோஷப்படுவது என்று தெரியாமல் டிரம்மைக் கழுவினேன். உமிச் சத்தம் இப்போதும் வருகிறது. மூடியைத் திறந்து பார்ப்பதில்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

படி: ஏழு.

சுவரில் இருந்த படத்திலிருந்து துண்டை எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டு அது மூளியின் கூண்டு, அது திருடியின் கூண்டு என்று கெங்காவுக்குக் காட்டினேன். "எல்லாம் ஒரே மாதிரி கீது" என்றாள். பிறகு அவளாகவே, "மூளி எது, இன்னொரு வாட்டி காட்டு" என்றாள்.

செப்டம்பர் 3, ஞாயிறு

மாத்திரை: இல்லை. படி: நான்கு. கண்: நன்றாக வெளுத்த வேட்டி மாதிரி இருக்கிறது.

காலையில் அவள் துவைத்த ரவிக்கையோடு பால்கனிக்குப் போனாள். நான் உள்ளிருந்து பார்த்தேன். குதிகாலைத் தூக்கினாள். கை கம்பியைத் தொட்டது, பிடித்தது. எண்ணக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஆனாலும் உள்ளுக்குள் ஓடியது. மூன்றில் விட்டுவிட்டாள். ரவிக்கை தரையில் விழுந்தது. அவள் குனியவில்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை. கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா? இல்லை.

முக்காலியும் குறடும் எடுத்துப் போய், கொடிக்கம்பியை இரண்டு பக்கமும் அவிழ்த்து, ஒரு முழம் கீழே இறக்கிக் கட்டினேன்.